நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது: மருந்து முதலிலா, பயாப்ஸி முதலிலா?

கேள்வி:

என் அம்மாவுக்கு 61 வயது. ஒரு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வறட்டு இருமல் இருக்கிறது, காய்ச்சல் இல்லை. சாப்பாடு குறைந்து, நாலைந்து கிலோ எடையும் இறங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் இடது பக்கம் நீர் கோத்திருப்பதாகச் சொல்லி, ஊசி போட்டு ஒரு லிட்டர் எடுத்தார்கள். நன்றாக மூச்சு விட்டார். இரண்டு வாரத்தில் மறுபடியும் நீர் சேர்ந்துவிட்டது. எடுத்த நீர் லேசான சிவப்பு. ரிப்போர்ட்டில் புரோட்டீன் 4.6, எல்.டி.ஹெச். 380, சர்க்கரை 72, லிம்ஃபோசைட் 80 சதவீதம், ஏ.டி.ஏ. 44, டிபி கிருமி காணப்படவில்லை, புற்றுநோய் செல்கள் காணப்படவில்லை என்று இருக்கிறது. அன்று எடுத்த ரத்தத்தில் புரோட்டீன் 7.0, எல்.டி.ஹெச். 230. எக்கோ நார்மல். கால் வீக்கத்துக்காக அம்மா நீர் மாத்திரையும் பி.பி. மாத்திரையும் சாப்பிடுகிறார்.

முதலில் பார்த்த டாக்டர், "டிபியாகத்தான் இருக்கும், மருந்து போட்டுப் பார்ப்போம்" என்று ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறோம், தொடங்கவில்லை. இன்னொருவர் சி.டி. ஸ்கேனும் பயாப்ஸியும் செய்யாமல் எதையும் தொடங்கக் கூடாது என்கிறார். கேன்சர் செல் இல்லை என்று வந்த பிறகு பயாப்ஸி எதற்கு? அம்மா பயப்படுகிறார். நீரை மொத்தமாக ஒரே தடவையில் எடுத்துவிட்டால் சரியாகிவிடாதா? தண்ணீர் குடிப்பதைக் குறைக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். குறைக்கலாமா? அம்மாவுக்கு ஒன்பது வருடத்துக்கு முன்னால் இடது மார்பில் கேன்சர் வந்து ஆபரேஷன், கரண்ட் வைத்தியம் எல்லாம் முடிந்து, ஐந்து வருடம் மாத்திரையும் சாப்பிட்டுக் குணமாகிவிட்டது. அது பழைய விஷயம் என்பதால் இவர்களிடம் சொல்லவில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்கள் கடிதத்தில் இருக்கும் மிக முக்கியமான தகவல், போகிற போக்கில் கடைசி வரியில் வந்திருக்கிறது. முன்பு நோய் வந்ததும் இடது மார்பில், இப்போது நீர் கோத்திருப்பதும் இடது பக்கத்தில். இதை நாளைக்கே இரண்டு டாக்டர்களிடமும் சொல்லிவிடுங்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தி தெரியாமல் இந்த ரிப்போர்ட்டைப் படித்தால் டிபி முதலில் மனதுக்கு வரும். தெரிந்து படித்தால் வேறொன்று முதலில் வரும். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் பத்து, பதினைந்து வருடம் அமைதியாக இருந்துவிட்டுத் தலைகாட்டக் கூடியது. அப்படித் திரும்பும்போது அது வந்து உட்காரும் இடங்களில் நுரையீரலின் உறையும் ஒன்று. ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட்டார் என்பதை வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு வந்தது அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். பழைய ஃபைலைத் தேடி எடுங்கள். அதில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுத்த சதைப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்று இருக்கும். ஆபரேஷன் செலவுக் கணக்கை விட்டுவிடலாம், அந்த ஒரு தாள் வேண்டும்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணங்களுக்கு வருகிறேன். அம்மாவுக்கு நீர் ஏன் கோத்தது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. தெரியாத நிலையில் ஆறு மாத டிபி மருந்தை நான் தொடங்க மாட்டேன். நேரில் பார்க்காமல் கடிதத்தை வைத்து நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல. ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்வதற்கு நீங்கள் எழுதியிருக்கும் எண்களே போதும்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் இருக்கின்றன. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றொன்று விலா எலும்புகளின் உட்பக்கத்தில் ஒட்டியது. நடுவில், இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தால்கூட இரண்டு மூன்று தேக்கரண்டிக்கு மேல் போகாத அளவு ஈரம். அந்த ஈரம் ஊறிக்கொண்டே இருக்கிறது, நிணநீர்க் குழாய்கள் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. ஊறுவது அதிகமானாலோ, உறிஞ்சும் வழி அடைபட்டாலோ நீர் தேங்கும். அதாவது நீர் நுரையீரலுக்குள் இல்லை, அதன் வெளியே நின்று அமுக்குகிறது. எடுத்ததும் அம்மாவுக்கு மூச்சு லேசானது அதனால்தான். இரண்டு வாரத்தில் திரும்ப நிறைந்ததும் அதனால்தான். ஊற வைத்த காரணம் அப்படியே இருக்கிறது. மொத்தமாக எடுத்தால் சரியாகிவிடாதா என்ற கேள்விக்கு இதுவே பதில். எத்தனை லிட்டர் எடுத்தாலும் காரணத்தில் கை வைக்காமல் நீர் சேர்வது நிற்காது. தவிர, ஒரே தடவையில் பொதுவாக ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதும் இல்லை. பல நாளாக அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால், அப்போது உண்மையாகவே நுரையீரலுக்குள் நீர் கசியலாம். எடுக்கும்போது நெஞ்சு இறுக்கமோ அடக்க முடியாத இருமலோ வந்தால், அளவு எவ்வளவாக இருந்தாலும் அத்தோடு நிறுத்துவார்கள்.

சரி, அம்மாவின் எண்களுக்கு வருவோம். நீரைப் பார்த்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி: உறை நன்றாக இருந்து, வேறெங்கோ உள்ள கோளாறால் நீர் கசிந்ததா, அல்லது உறையே நோய்ப்பட்டு நீரைச் சுரக்கிறதா? இதயம் தளர்ந்தால், கல்லீரல் சுருங்கினால், சிறுநீரகம் புரோட்டீனை ஒழுகவிட்டால் வருவது முதல் வகை. அந்த நீர் நீர்த்திருக்கும். நிமோனியா, டிபி, புற்றுநோய், நுரையீரல் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி அடைப்பது, மூட்டுவாதம், கணைய அழற்சி இவையெல்லாம் பெரும்பாலும் இரண்டாம் வகை, புரோட்டீனும், செல்கள் சிதையும்போது வெளிப்படும் நொதியான எல்.டி.ஹெச்.சும் தூக்கலாக இருக்கும். இரண்டையும் பிரித்தறிய அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் லைட் 1972இல் வெளியிட்ட கணக்கைத்தான் உலகம் முழுவதும் இன்றும் போடுகிறோம். நீரின் புரோட்டீனை ரத்தத்தின் புரோட்டீனால் வகுத்தால் 0.5க்கு மேல் வருகிறதா? எல்.டி.ஹெச்.சை அதேபோல் வகுத்தால் 0.6க்கு மேலா? நீரின் எல்.டி.ஹெச்., ரத்தத்துக்கான இயல்பு உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டுகிறதா? மூன்றில் ஒன்று ஆமென்றால் போதும், இரண்டாம் வகை.

நீங்களே போட்டுப் பாருங்கள். 4.6ஐ 7.0ஆல் வகுத்தால் 0.66. 380ஐ 230ஆல் வகுத்தால் 1.65. இரண்டுமே எல்லையை நன்றாகத் தாண்டிவிட்டன. அன்றே ரத்தமும் எடுத்து அனுப்பிய அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பாராட்டு. நீரை மட்டும் அனுப்பிவிட்டு ரத்தத்தை மறந்துவிட்டால், வகுக்க ஒன்றுமில்லாமல் ரிப்போர்ட் பாதி வீணாகிவிடும். அப்படி வரும் ரிப்போர்ட்டுகளுக்குக் குறைவே இல்லை.

நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் இங்கே ஒரு சிக்கலைப் பார்த்துவிட வேண்டும். அந்த மாத்திரை உடம்பிலிருந்து நீரை இழுத்துவிடுவதால், இதயத் தளர்ச்சியில் கோத்த நீர்கூடக் கெட்டிப்பட்டு இரண்டாம் வகை போல வேஷம் போடும். முதல் வகையில் கால்வாசி அளவுக்கு லைட் கணக்கில் இப்படித் தவறான பக்கம் விழுந்துவிடும். அதைச் சரிபார்க்கக் கழித்தல் கணக்கு ஒன்று இருக்கிறது: ரத்தப் புரோட்டீனிலிருந்து நீரின் புரோட்டீனைக் கழித்தால் 3.1க்கு மேல் வந்தால், வேஷம் என்று சந்தேகப்படலாம். அம்மாவுக்கு 7.0 கழித்தல் 4.6, வருவது 2.4. வேஷம் இல்லை. எக்கோவும் நார்மல், நீரும் ஒரே பக்கம், அதிலும் சிவப்பு. எனவே இதயத்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து பெரும்பாலும் எடுத்துவிடலாம். உறையில்தான் ஏதோ நடக்கிறது.

உறையில் என்ன என்பதற்கு அடுத்த துப்பு செல்கள். நிமோனியாவோடு வரும் நீரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் நிறைந்திருக்கும், ஆளும் காய்ச்சலில் துவண்டு போயிருப்பார். அங்கே அவசரமே வேறு. நீர் சீழாகிவிட்டதா, அதன் பி.ஹெச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 7.2க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று அன்றைக்கே பார்த்துக் குழாய் போட வேண்டும். அம்மாவுக்கு அந்தப் படம் இல்லை. அவருடையதில் லிம்ஃபோசைட் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் 80 சதவீதம். வாரக்கணக்கில் நின்ற நீரில் லிம்ஃபோசைட் இந்த அளவுக்கு ஆதிக்கம் செலுத்தினால் முன்னணியில் நிற்பவை இரண்டு: டிபி, புற்றுநோய். இரண்டு டாக்டர்களும் ஒருவருக்கொருவர் முரண்படுவதாக உங்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் இருவரும் ஒரே சாலை இரண்டாகப் பிரியும் முனையில்தான் நிற்கிறார்கள். எந்தப் பக்கம் முதலில் நடப்பது என்பதில் மட்டும் வேறுபடுகிறார்கள்.

முதல் டாக்டரை டிபி பக்கம் தள்ளியது ஏ.டி.ஏ. 44 என்ற எண். லிம்ஃபோசைட்டுகள் கிளர்ந்து வேலை செய்யும்போது வெளிப்படும் ஒரு நொதி அது. டிபி கிருமியிலிருந்து வருவதல்ல, உடம்பின் எதிர்வினையிலிருந்து வருவது. 40ஐத் தாண்டினால் டிபி என்று சந்தேகப்படுவது வழக்கம். டிபி நீரில் கிருமியே மிகக் குறைவாக இருப்பதால், நுண்ணோக்கியில் கிருமியைப் பார்த்துவிடும் வாய்ப்பு பத்தில் ஒன்றுகூட இல்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரிலும் பெரும்பாலோருக்கு வளராது. ஆகவே "கிருமி காணப்படவில்லை" என்ற வரிக்கு மதிப்பு ஏறக்குறைய இல்லை, ஏ.டி.ஏ.வை நம்ப வேண்டிய நிலை எங்களுக்கு வந்தது அதனால்தான். ஆனால் அந்த எண் யாருடைய நீரில் வந்தது என்பதைப் பொறுத்தே அதற்கு அர்த்தம். 22 வயதுப் பையன், மூன்று வாரமாகச் சாயங்காலக் காய்ச்சல், நெஞ்சு குத்தல், டிபி பரவலாக உள்ள ஊர், மஞ்சள் நிற நீர், லிம்ஃபோசைட் 90, ஏ.டி.ஏ. 85 என்றால் நானும் பயாப்ஸி கேட்காமல் மருந்து தொடங்கிவிடுவேன். அதைத் தாமதிப்பதுதான் தப்பு. டிபி மருந்துகள் சரியாகக் கிடைக்காத காலத்தில், இப்படி நீர் கோத்து, தானே வற்றிப்போன அமெரிக்க ராணுவத்தினரைத் தொடர்ந்து கவனித்து 1955இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 65 பேருக்குப் பின்னாளில் டிபி முழு வேகத்தில் வந்தது. நீர் வற்றினால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

அம்மா அந்தப் பையன் அல்ல. 61 வயது, காய்ச்சல் இல்லை, எடை இறங்குகிறது, நீர் சிவப்பு, எடுத்த வேகத்தில் நிறைகிறது, அதே பக்கத்தில் பழைய புற்றுநோய். ஏ.டி.ஏ.வோ எல்லைக் கோட்டில் நாலு எண் தள்ளி நிற்கிறது. நிணநீர்ப் புற்றிலும், சீழ் பிடித்த நீரிலும், மூட்டுவாத நீரிலும் ஏ.டி.ஏ. ஏறும், மற்ற புற்றுநோய்களிலும் சிலருக்கு 40ஐத் தொட்டுத் தாண்டும். இங்கே 44 என்பது எதையும் நிரூபிக்கவில்லை.

"மருந்து போட்டுப் பார்ப்போம்" என்பதில் எனக்குள்ள பெரிய தயக்கம், பார்ப்பதற்கு ஒன்றும் தெளிவாகத் தெரியாது என்பதுதான். உண்மையான டிபியிலேயே மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் நீர் கூடலாம். அப்போது "கூடினாலும் தொடர்வோம்" என்போம். புற்றுநோயாக இருந்து கூடினாலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்போம். இரண்டு மூன்று மாதம் கண்மூடித்தனமாகப் போய்விடும். அந்த மருந்துகள் கல்லீரலையும் பாதிக்கக் கூடியவை. அவற்றில் ஒன்றான ரிஃபாம்பிசின், கூடவே சாப்பிடும் பல மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும், பி.பி. மாத்திரைகள் பலவும், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்சிஃபென்னும் அந்தப் பட்டியலில் உண்டு. டிபி என்று தெரிந்துவிட்டால் இந்தத் தொல்லைகளைச் சமாளிக்க வழி இருக்கிறது. தெரியாமலே ஏன் இழுத்துக்கொள்ள வேண்டும்? வாங்கி வைத்த மருந்து அப்படியே இருக்கட்டும், முடிவு வரட்டும்.

இப்போது உங்களை ஆறுதல்படுத்திய அந்த வரி: "புற்றுநோய் செல்கள் காணப்படவில்லை." காணப்படவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள், இல்லை என்று எழுதவில்லை, எழுதிய நோயியல் மருத்துவர் அளந்துதான் எழுதியிருக்கிறார். புற்றுநோயால் கோத்த நீராகவே இருந்தாலும், ஒரு தடவை எடுத்த நீரில் செல்கள் கண்ணில் படுவது சராசரியாக நூற்றுக்கு அறுபது பேருக்குத்தான். உறையில் நோய் ஒட்டியிருக்கும், நீரில் செல்கள் உதிர்ந்திருக்காது. மார்பகப் புற்றில் இந்தச் சோதனை கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக் கொடுக்கும், உறையிலேயே தோன்றும் மீசோதெலியோமாவில் மிகக் குறைவு. இரண்டாம் முறை அனுப்பினால் இன்னும் சிலருக்குக் கண்டுபிடிக்கலாம். மூன்றாவது, நான்காவது என்று அனுப்பிக்கொண்டே இருப்பதில் பிரயோஜனம் இல்லை.

எவ்வளவு நீரை அனுப்பினார்கள் என்று விசாரித்தீர்களா? ஒரு லிட்டர் எடுத்து, பத்து மில்லியைக் குழாயில் பிடித்து அனுப்பிவிட்டு மீதியைக் கொட்டிவிடுவது எங்கும் நடக்கிறது. எனக்கு இது தீராத ஆதங்கம். நோயாளி ஊசி குத்தும் வலியை முழுதாகத் தாங்கியிருக்கிறார், நாம் சாட்சியத்தில் நூறில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு நீர் மறுபடியும் சேர்ந்திருப்பதால் எப்படியும் மூச்சுக்காக இன்னொரு தடவை எடுக்க வேண்டி வரும். அந்தத் தடவையை வீணாக்காதீர்கள். செல் பரிசோதனைக்குக் குறைந்தது 50 மில்லி அனுப்பச் சொல்லுங்கள், அதை "செல் பிளாக்" ஆகவும் செய்யச் சொல்லுங்கள். நீரைச் சுழற்றி, அடியில் தங்கும் செல்களைக் கட்டியாக்கி, சதை போலவே மெழுகில் பதித்து அறுத்துப் பார்ப்பது அது. அப்படிச் செய்தால்தான், சந்தேகமான செல் ஏதாவது இருந்தால் அது மார்பகத்திலிருந்து வந்ததா, நுரையீரலிலிருந்து வந்ததா என்று சாயமேற்றிப் பார்க்க முடியும். அனுப்பும் படிவத்தில் "முன்பு மார்பகப் புற்றுநோய்" என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே ஒரு பார்வை பாருங்கள். நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கும் எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். நல்ல வேளையாக இந்தத் தடவையிலேயே விடை கிடைத்துவிட்டால் பயாப்ஸி தேவைப்படாமலும் போகலாம்.

நீரை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டு எடுப்பதுதான் இப்போது முறை. முதுகில் தட்டிப் பார்த்து இடத்தை ஊகித்த காலம் மலையேறிவிட்டது. படத்தில் பார்த்துக் குத்தினால் நுரையீரலில் பட்டுக் காற்று கசியும் ஆபத்து வெகுவாகக் குறையும். நீர் அறை அறையாகத் தடுத்திருக்கிறதா, உறை தடித்திருக்கிறதா என்பதும் தெரியும். ரத்தத்தை உறையவிடாத மாத்திரை எதையாவது அம்மா சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லப்போனால் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மூட்டுவாதத்துக்கும் இதயத் துடிப்புக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கொடுக்கும் சில மருந்துகளாலேயே நீர் கோப்பதுண்டு. கரண்ட் வைத்தியத்தின் கதிர்வீச்சினாலும் கோக்கும், ஆனால் அது பெரும்பாலும் முதல் ஓரிரு வருடங்களில் வருவது. ஒன்பது வருடம் கழித்து அதன் மேல் பழி போட நான் தயாரில்லை.

சி.டி. ஸ்கேனை மருந்து ஏற்றி எடுப்பார்கள். நீரை முழுக்க வடித்த பிறகு எடுப்பதைவிட, கொஞ்சம் நீர் இருக்கும்போதே எடுத்தால் உறையின் தடிப்பும் முடிச்சுகளும் நன்றாகத் தெரியும். எனவே எந்த நாளில் ஸ்கேன், எந்த நாளில் நீர் எடுப்பது என்பதை டாக்டரோடு பேசி வரிசைப்படுத்துங்கள். உறை முடிச்சு முடிச்சாகவோ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்தோ இருந்தால் சந்தேகம் கூடும், எங்கே ஊசி வைத்துச் சதை எடுப்பது என்பதற்கும் அதுவே வழிகாட்டும். ரத்தக்குழாய் அடைப்பு சந்தேகம் டாக்டருக்கு இருந்தால் அதற்கென்று தனி நேரக் கணக்கில் ஸ்கேன் எடுக்க வேண்டும். திடீர் நெஞ்சு வலியோ ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கமோ இருந்ததா என்று கேட்பார்கள், யோசித்துச் சொல்லுங்கள்.

பயாப்ஸி என்றதும் அம்மா பயப்படுவது இயல்பு. பெரிய ஆபரேஷனாகக் கற்பனை செய்திருப்பார். உறையில் சதை எடுக்க மூன்று வழி உண்டு. ஸ்கேனில் தடிப்பு தெரிந்தால் அதைப் பார்த்துக்கொண்டே ஊசியால் எடுக்கலாம். படம் பார்க்காமல் கையறிவில் எடுக்கும் பழைய ஊசி முறை டிபிக்குப் பரவாயில்லை, ஏனென்றால் டிபி உறை முழுக்கப் பரவியிருக்கும். புற்றுநோய் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக இருப்பதால் ஊசி தப்பான இடத்தில் இறங்கிவிடும். மூன்றாவது, அம்மாவுக்கு நான் விரும்புவது, தொராகோஸ்கோப்பி. பெரும்பாலும் முழு மயக்கம்கூட வேண்டியதில்லை. அரைத் தூக்கத்துக்கு மருந்து கொடுத்து, விலாப் பக்கத்தை மரத்துப்போகச் செய்து, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவில் சுமார் ஒரு சென்டிமீட்டர் துளை போடுவார்கள். நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, கேமராவை உள்ளே விட்டால் உறை முழுவதும் திரையில் தெரியும். டிபியென்றால் ஜவ்வரிசி தூவியது போன்ற வெண்மணிகள் தெரிவதுண்டு, புற்றுநோயென்றால் முடிச்சுகள். கண்ணால் பார்த்தது முடிவல்ல. பார்த்த இடத்திலிருந்தே ஆறேழு துண்டு சதை எடுப்பார்கள், அதுதான் முடிவு. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் விடை கிடைத்துவிடுகிறது. பிறகு சில நாள் குழாய் இருக்கும். வலி, லேசான காய்ச்சல் வரலாம். ரத்தக் கசிவு, தொற்று, காற்றுக் கசிவு அபூர்வமாக உண்டு, அவற்றைப் பற்றிக் கையெழுத்து வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நோய் கண்ணுக்கு வெளிப்படையாகத் தெரிந்து, நுரையீரலும் நன்றாக விரியக் கூடியதாக இருந்தால், டால்க் பொடியைத் தூவி இரண்டு உறைகளையும் ஒட்ட வைத்து, நீர் மறுபடி சேராமல் தடுக்க அப்போதே ஏற்பாடு செய்யலாம்.

ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: எடுத்த சதை இரண்டு பாட்டில்களில் போகிறதா? ஒன்று சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலினில், நோயியல் பிரிவுக்கு. இன்னொன்று சாதாரண உப்பு நீரில், டிபி கல்ச்சருக்கும் மரபணுச் சோதனைக்கும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று வளர்த்துப் பார்க்க வழியில்லை. உங்கள் விஷயத்தில் இரண்டு நோயையும் சரிசமமாகத் தேட வேண்டியிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

டிபி என்று வந்தால் அந்த மருந்தை நிம்மதியாகத் தொடங்கலாம், ஆறு மாதத்தில் குணமாகும் நோய் அது. பழைய நோய்தான் என்று வந்தால், எடுத்த சதையில் ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்-2 என்ற புரோட்டீனையும் மறுபடி சோதிப்பார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் இருந்த குணமும் இப்போது இருக்கும் குணமும் மாறியிருக்கலாம். ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகையாக இருந்தால் பலருக்கு மாத்திரைகளாலேயே வருடக்கணக்கில் நோயைக் கட்டுக்குள் வைக்க முடிகிறது. உறைக்கு வந்துவிட்டதை முழுக்கத் துடைத்தெறிந்துவிடலாம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்பதும் உண்மை அல்ல. எதுவுமே பிடிபடாமல் "குறிப்பில்லாத அழற்சி" என்று ரிப்போர்ட் வருவதும் சிலருக்கு உண்டு. அப்போது ஃபைலை மூடி வைக்காமல் ஒன்றிரண்டு வருடம் அவ்வப்போது படம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு நோய் பின்னால் வெளிப்படுகிறது.

இதற்கெல்லாம் ஓரிரு வாரம் ஆகலாம், அதனால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சுத் திணறல், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், திடீரென்று கூர்மையான நெஞ்சு வலி, உதடு நீலம் பாரிப்பது, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 92க்குக் கீழே இறங்குவது, இவற்றில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள். படுத்தால் மூச்சு முட்டினால் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காரட்டும்.

கடைசியாக உறவினர்கள் சொன்ன தண்ணீர் விஷயம். குடிக்கிற தண்ணீர் நேராக நெஞ்சுக்குப் போய்ச் சேர்வதில்லை. இதயத் தளர்ச்சியோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்களுக்குத்தான் அளவு வைப்போம். அம்மாவுக்கு எக்கோ நார்மல், நீரும் அந்த வகை அல்ல. தாகத்துக்கு ஏற்றபடி குடிக்கட்டும். இருக்கிற நீர் மாத்திரையையும் நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். இந்த நீர் அதற்குக் குறையாது, சோடியமும் பி.பி.யும்தான் இறங்கும்.